மருந்தும் அதைச் சுமக்கும் மாவும்

சித்தன்னவாசல் என்றதும் நம்மில் பலருக்குத் தாமரைக்குள ஓவியமே நினைவில் எழும். அதே மலையின் மறுபுறத்தில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்துக்குப் பாறையில் வெட்டிய குழிகளில் கால் பதித்துச் சென்றவர்கள், வழவழப்பான கற்படுக்கைகளையும் அவற்றுள் ஒன்றன் அருகே தமிழ் பிராமி எழுத்துகளையும் கண்டிருப்பார்கள். புதுக்கோட்டைச் சீமையில் சமணத் துறவியர் வாழ்ந்ததற்கான மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று. சமண அறம் உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைக் கொடையைப் போற்றுகிறது. அதே அறம் புலால், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்குகிறது. தமிழ் மருத்துவத்திலோ சூரணத்தைக் குழைத்து உண்ணத் தேன் முதன்மையான பொருள். மருந்து கொடையாக வருகிறது, ஆனால் அது தேனில் குழைத்து வருகிறது என்றால், ஏற்பவர் என்ன செய்திருப்பார்? "இதை எதில் குழைத்தீர்கள்?" என்று கேட்டிருப்பார். இதைக் கல்லில் எவரும் வெட்டி வைக்கவில்லை. நெறியிலிருந்து நாம் உய்த்துணர்வதுதான். ஆயினும் மருந்தைப் பற்றிக் கேட்காமல், மருந்தைச் சுமந்து வரும் பொருளைப் பற்றிக் கேட்கும் இந்தக் கேள்வி மிகப் பழையது என்பதில் நமக்கு ஐயமில்லை.

அக்கேள்வியின் இன்றைய வடிவங்களுள் ஒன்று, "இந்த மாத்திரையில் கோதுமை கலந்திருக்கிறதா?" என்பது. அரிசியும் வரகும் விளையும் நாட்டில் இது விந்தையாகத் தோன்றலாம். கோதுமை, வாற்கோதுமை முதலியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருடைய உடலில் தன் குடலையே தாக்கும் எதிர்வினையைத் தூண்டிவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள நுண்விரல்கள் தேய்ந்து, உண்ட உணவு உடலில் ஒட்டாமல் போகிறது. சீலியாக் நோய் என்று இதற்குப் பெயர். இதற்கு இன்றுவரை உறுதியான மருத்துவம் ஒன்றே: குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவது. சப்பாத்தியையும் புரோட்டாவையும் விலக்குவது எளிது. நாள்தோறும் இருவேளை விழுங்கும் மாத்திரையை என்ன செய்வது?

மாத்திரைக்குள் மாவு எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பல மருந்துகளின் ஒரு வேளை அளவு சில மில்லிகிராமே. அவ்வளவு சிறிய துகளைக் கையால் எடுக்கவும் முடியாது, எந்திரத்தால் வடிக்கவும் முடியாது. எனவே பருமனுக்கு ஒரு பொருளும், துகள்களை ஒட்டவைக்க ஒரு பொருளும், வயிற்றில் நீர் பட்டதும் உப்பி மாத்திரையை உடைக்க ஒரு பொருளும் வேண்டும். இம்மூன்று வேலைகளையும் செய்யவல்ல மலிவான பொருள் மாவுச்சத்து. இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கெடன் தூளை அச்சில் அழுத்தி மாத்திரையாக்கும் கருவிக்கு 1843-இல் காப்புரிமை பெற்றார். அங்கே தொடங்கிய தொழில், நூற்றாண்டின் முடிவுக்குள் உலகெங்கும் பரவிவிட்டது. மாவுச்சத்து மக்காச்சோளத்திலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் மரவள்ளியிலிருந்தும் அரிசியிலிருந்தும் கிடைக்கும், கோதுமையிலிருந்தும் கிடைக்கும். மருந்தாளுநர்களின் தரநூல்கள் நெடுங்காலம் இவற்றுள் பலவற்றை 'ஸ்டார்ச்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்திருந்தன. வேதியியலுக்கு அது போதும். குடலுக்குப் போதாது.

போதாது என்று உலகம் அறிந்த கதை நெதர்லாந்தில் நிகழ்ந்தது. தி ஹேக் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த வில்லெம் கரெல் டிக்கே, 1930களிலேயே இந்நோயுற்ற குழந்தைகளுக்குக் கோதுமை ஆகாது என்று ஐயுற்றிருந்தார். அதற்கு முன் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் 1924 முதல் வாழைப்பழ உணவு கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றி வந்தார். வாழைப்பழத்தில் ஏதோ அருமருந்து இருப்பதாகவே உலகம் நம்பியது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகளின் முற்றுகையால் ஹாலந்தில் ரொட்டியே இல்லாமல் போயிற்று. மக்கள் துலிப் கிழங்கைத் தின்ற அந்தப் பஞ்சத்தில், சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமடையாமல் தேறினார்கள். ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பியது. டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டை அளித்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அதன்பின் செய்த சோதனையே நம் பொருளுக்கு இன்றியமையாதது. கோதுமை மாவைக் கழுவிப் பிரித்து, அதன் மாவுச்சத்தைத் தனியாகவும் பசையான குளூட்டனைத் தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்து தீங்கு செய்யவில்லை; குளூட்டன் செய்தது. ஆகவே கோதுமை மாவுச்சத்துச் சேர்ந்த மாத்திரை என்பதாலேயே அது நஞ்சாகிவிடாது. எவ்வளவு நன்றாகக் கழுவினார்கள், எவ்வளவு குளூட்டன் எஞ்சியது என்பதே கேள்வி.

நம் பக்கம் இந்த நோய் அதிகம் பேசப்படாததற்குக் காரணம் உண்டு. தென்னாட்டில் உணவு உடலில் ஒட்டாத நோய் என்றால் மருத்துவர்களின் நினைவுக்கு முதலில் வந்தது வெப்பமண்டல ஸ்புரூ. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1960களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய் போலவே பரவிய ஸ்புரூவை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றனர். வெளியே தெரியும் குறிகள் இரண்டு நோய்க்கும் ஏறத்தாழ ஒன்றே. கோதுமை உண்ணாத ஊரில் கோதுமையால் வரும் நோயை யார் தேடுவார்கள்?

ஆனால் கோதுமை வந்துவிட்டது. அமெரிக்காவுடன் 1956-இல் செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின்கீழ் கப்பல் கப்பலாக வந்த தானியம், 1965-66 வறட்சியின்போது நாட்டின் உயிர்த்தாரையாக இருந்தது. அரிசிக்குத் தவித்த தமிழ்நாட்டில் கோதுமையை உண்ணச் சொன்ன ஆட்சியை, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் 1967-இல் வீழ்த்தியதை நாடறியும். தேர்தலில் அரிசி வென்றது; அடுப்பில் கோதுமையும் தங்கிவிட்டது. இன்று அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ இரவு எட்டு மணிக்குமேல் பசித்தவனுக்கு முதலில் கிடைப்பது புரோட்டா. ஒரு காலத்தில் கண்மாய் நீர் எட்டாத மேட்டு நிலங்களில் எங்கும் வரகு விளைந்த சீமை இது.

2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்விடத்தில் மிகவும் கருதத்தக்கது. பி. எஸ். ராமகிருஷ்ணாவும் பிற மருத்துவர்களும் வடக்கிலும், வடகிழக்கில் அசாமிலும், தெற்கில் வேலூர்ப் பகுதியிலும் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்குச் சீலியாக் இருந்தது, தெற்கே 0.10. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகளோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. வேறுபட்டது தட்டு: வடக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். நம் உடலில் விதை இருக்கிறது, மழை பெய்யாததால் முளைக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கின்படி பதினாறு லட்சத்துக்கும் மேல். வேலூரின் விகிதம் இங்கும் பொருந்துமானால் ஆயிரம் பேருக்கு மேல் இந்நோயோடு இங்கே வாழ்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமக்கு இருப்பது இன்னதென்றே அறியாமல் இரத்தச்சோகைக்கும் வயிற்றுப் போக்குக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது நம் கருத்து.

அப்படியானால் அந்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்ப்போம். செயல்படும் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். நிறமூட்டியின் பெயர் இருக்கும். பெரும்பாலான அட்டைகளில் நடுவே ஒரு சொற்றொடர்: 'எக்ஸிபியண்ட்ஸ் க்யூ.எஸ்.' க்யூ.எஸ். என்பது 'குவாண்டம் சுஃபிசிட்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். தேவையான அளவு என்று பொருள். துணைப்பொருள் தேவையான அளவு. என்ன துணைப்பொருள் என்று யாரும் சொல்வதில்லை. எழுத்து சிறியதென்று கண்ணாடி தேடுபவர்கள் கண்டுபிடித்துப் படித்தும் பயனில்லாத இடம் இது. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் 1945-இல் வந்த விதிகளும், ராம்நாத் சோப்ரா தலைமையிலான குழு 1931-இல் அளித்த அறிக்கையின் வழித்தோன்றல்கள். அன்றைய கவலை போலி மருந்தும் வலுவிழந்த மருந்தும். எனவே மருந்தின் பெயரையும் அளவையும் சட்டம் கேட்டது. உடன் வரும் மாவைப் பற்றி அன்று எவரும் கவலைப்படவில்லை.

கல்வெட்டு அன்பர்களான நமக்கு இவ்விடத்தில் திருமுக்கூடல் நினைவுக்கு வராமல் இராது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூரில், வீரராசேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு, 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. பதினைந்து படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர், மருந்துச் செடிகளைக் கொண்டுவருபவர்கள், பணிப்பெண்கள் என்று பட்டியல் நீள்கிறது. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகளின் பெயர்களும் உள்ளன. அப்பெயர்களைச் சற்று நின்று படித்தால் ஒன்று புலப்படும். இலசுநாதி ஏரண்ட தைலம் என்றால் பூண்டு முதலியவை சேர்ந்த ஆமணக்கெண்ணெய். பில்வாதி கிருதம் என்றால் வில்வம் முதலியவற்றை நெய்யில் காய்ச்சியது. கோமூத்திர அரீதகி என்றால் பசுவின் சிறுநீரில் பக்குவம் செய்த கடுக்காய். மருந்தின் பெயரிலேயே அதைச் சுமக்கும் பொருளும் இருக்கிறது. நெய் உண்ணாதவனோ, பசுநீரை ஏற்காதவனோ, பெயரைக் கேட்டமாத்திரத்தில் அறிந்துகொள்வான். எல்லாப் பெயர்களும் இப்படி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமலை, வச்சிரகல்பம் என்ற பெயர்களைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்க எவராலும் முடியாது. வணிகப் பெயர்கள் இன்றுதான் தோன்றின என்று எண்ணுவோர்க்கு இது ஒரு செய்தி.

சித்த மருத்துவத்தில் அனுபானம் என்றொரு முறை உண்டு. ஒரே பற்பத்தை ஒரு நோய்க்குத் தேனிலும் வேறொரு நோய்க்கு வெண்ணெயிலும் மற்றொன்றுக்கு வெற்றிலைச் சாற்றிலும் கொடுப்பார் வைத்தியர். மருந்துப் பொட்டலம் அவரிடமிருந்து வரும். தேனோ வெண்ணெயோ நோயாளியின் வீட்டிலிருந்து வரும். குழைப்பவள் தாயோ மனைவியோ. ஆகவே துணைப்பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் மருந்தே உள்ளே போகாது. அதன்பின் ஆங்கில மருத்துவம் வந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற நாள்களில், மருத்துவமனை என்றால் கம்பவுண்டரும் மிக்சரும். வீட்டிலிருந்து புட்டி கொண்டுபோனால் அதில் கலவையை ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டு வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார்கள். என்ன கலந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆனால் கலந்தவர் தடுப்புக்கு அப்பால்தான் நின்றார், கேட்டால் சொல்லக் கூடியவர். மூன்றாவது கட்டத்தில் கலப்பவர் ஆயிரம் கல் தொலைவிலுள்ள ஆலைக்குள் போய்விட்டார். கலக்கும் கை விலக விலக, கலந்ததன் பெயரும் மறைந்தது என்றே இவ்வரலாற்றை நாம் படிக்கிறோம்.

பெயர் மறைவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்க்கு விடை மிகக் கொடியது. அமெரிக்காவில் 1937-இல் சல்ஃபானிலமைடு என்னும் நல்ல மருந்தை நீர்மமாக்க, டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பலர் குழந்தைகள். கொன்றது மருந்தன்று, கரைப்பான். அடுத்த ஆண்டே அந்நாட்டில் புதுச் சட்டம் வந்தது. நம் சென்னையில் 1972-இல் அதே நஞ்சு கலந்த மருந்தால் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து 14 பேரைக் கொன்றது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அந்த மருந்து செய்யப்பட்ட இடம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1. எண்ணெயையும் நெய்யையும் பெயரிலேயே சொன்ன திருமுக்கூடல் கல்வெட்டும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கோதுமையும் கிளைக்காலும் ஒன்றல்ல. ஒன்றைச் சொல்லி மற்றொன்றுக்கு அஞ்ச வைப்பது நம் நோக்கமன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் வெளியிட்ட வரைவில், குளூட்டனையோ கோதுமை மாவையோ வேண்டுமென்றே துணைப்பொருளாகச் சேர்த்த வாய்வழி மருந்து எதுவும் தன் அறிவுக்கு எட்டியவரை இல்லை என்றது. கோதுமை மாவுச்சத்துச் சேர்ந்தாலும் ஒரு மாத்திரையில் எஞ்சும் குளூட்டன் அரை மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும் என்று கணித்தது. ஒரு ரொட்டித் துண்டில் அது கிராம் கணக்கில் இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் குடல் கெடுவதில்லை என்பது ஆய்வாளர்களின் கருத்து. மாத்திரைகளில் மிகுதியும் பயன்படுவதும் மக்காச்சோள மாவுச்சத்தே. ஆகவே ஐயத்தின்பேரில் இரத்த அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ உண்ணும் மாத்திரையைத் தானே நிறுத்துபவர், சிறிய ஐயத்துக்காகப் பெரிய கேட்டை விலைக்கு வாங்குகிறார். கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. நாள்தோறும் ஐந்தாறு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்பவர்க்கு அந்தக் கேள்வி உரிமை. வீண் நச்சரிப்பு அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் கோதுமை மாவுச்சத்துச் சேர்ந்தால் அதையும் எஞ்சும் குளூட்டனின் அளவையும் மருந்தோடு வரும் தாளில் எழுதச் சொல்கிறார்கள். அங்கே எழுத முடிவதை இங்கே எழுதக் கூடாதென்பதற்கு நமக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

"கோதுமை உண்டா?" என்று மருந்துக்கடையில் கேட்டால், "மாத்திரையில் ஏது கோதுமை?" என்ற சிரிப்பே விடையாகக் கிடைக்கும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கையிலும் அதே அட்டைதான் இருக்கிறது. அட்டையில் அச்சிட்ட உற்பத்தியாளர் முகவரிக்கு, மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்து, "இதில் சேர்ந்த மாவுச்சத்து எந்தத் தாவரத்திலிருந்து எடுத்தது?" என்று எழுதிக் கேட்பதே பயன் தரும். நிறுவனம் மாறினால் துணைப்பொருளும் மாறலாம். ஒரே மருந்து வேறு பெயரில் வாங்கப்படும்போது மீண்டும் கேட்க வேண்டும்.

நாட்டு மருந்து உண்பவர்களும் விதிவிலக்கல்லர். சித்த, ஆயுர்வேத மருந்துகளின் மேலுறையில் சேர்ந்த பொருள்கள் அனைத்தையும் எழுத வேண்டுமென்று விதி இருக்கிறது. இதில் அவை முந்தி நிற்கின்றன. ஆனால் செரியாமைக்கு நாம் உண்ணும் அட்ட சூரணத்தை எடுத்துக்கொள்வோம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு ஆகிய ஏழும் நாம் அறிந்த பொருள்கள். எட்டாவது பெருங்காயம். ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் தூய பிசின் கடுமையானது. அப்படியே சமையலுக்கு உதவாது. அதனுடன் கருவேலம் பிசின் வகையையும் மாவையும் சேர்த்துக் கட்டியதே கடைகளில் நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயம். அம்மாவு பல வேளைகளில் கோதுமை மாவு. வீட்டிலே அட்ட சூரணம் இடிப்பவர்கள் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து அதையே எடுப்பார்கள். வயிறு சரியில்லை என்று கொடுக்கும் சூரணமும் ரசமும், சீலியாக் நோயாளிக்கு அந்த வயிற்றையே கெடுக்கக்கூடும்.

பெருங்காய டப்பாவைத் திருப்பினால், உணவுச் சட்டத்தின் கட்டாயத்தால், கோதுமை என்ற சொல் அங்கே அச்சாகியிருப்பதைக் காணலாம். அதே கடைத்தெருவில், நான்கு கடை தள்ளி வாங்கும் மாத்திரை அட்டையில் 'தேவையான அளவு' என்றிருக்கிறது.